கதவைத் திறக்க ஓர் ஆள்

இது நல்ல நாற்காலி, ஐயா. ஆடவில்லை. ஆடாத இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். கப்பலில் போய்ப் பழகியவனுக்குத் தரையில் இறங்கினால் சுற்றுமாமே, அதுபோல. நடுவில் கண்ணை மூடினால் தூங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு பேசுவது, கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவது, இரண்டும் லாரிக்காரனுக்குக் கைவந்த கலை.

நான் வந்தது பட்டறைக்காரர் விஷயமாக. எங்கள் கம்பெனி வண்டிகளையெல்லாம் பார்க்கிற மெக்கானிக். அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். கேபினைத் தாங்குகிற முட்டுக் கம்பியை அவர் சரியாகப் பார்க்கவில்லை, அதனால்தான் கேபின் இறங்கி என் மாப்பிள்ளையின் முதுகு போனது என்று வழக்கு. அவர் கொஞ்சம் வாய் நீளம்தான், ஆனால் வேலை சுத்தம். அவர் முடுக்கிய மரை தானாகக் கழன்று நான் பார்த்ததில்லை. அந்தக் கம்பியில் ஒரு குறையும் கிடையாது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் உட்காரச் சொன்னீர்கள். உட்கார்ந்துவிட்டபிறகு பாதியைச் சொல்லி எழுந்திருப்பது மரியாதை இல்லை.

முதலில் எங்கள் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

லாரி ஓட்டுகிறவன் ஓட்டிக்கொண்டே இருப்பான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காத்திருப்பதுதான் எங்கள் வேலை. நடுநடுவே ஓட்டவும் விடுவார்கள். கிடங்கு வாசலில் காத்திருப்போம். உள்ளே விட்டால் சரக்கு இறக்குகிற ஆளுக்காகக் காத்திருப்போம். அவன் வந்தால் கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருப்பார். கழிப்பறை உள்ளே இருக்கும், வாட்ச்மேன் விடமாட்டான். அது ஆபீஸ்காரர்களுக்காம். ஒரு லாரி நிறைய அவர்களுக்குக் கழிப்பறைச் சாமான் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மதிலோரம் போய் நின்றிருக்கிறேன். சிரிக்கலாம், ஐயா. நாங்களும் சிரிப்போம்.

தண்ணீர் குடித்தால் நிறுத்த வேண்டும் என்று குடிக்காமலே ஓட்டி, எனக்குச் சிறுநீரகத்தில் கல். கிளட்ச் மிதிக்கிற காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி குறைவு. ஒருமுறை ஆணி ஏறியிருந்தது. பூட்ஸுக்குள் ஈரமாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டாக்டர் ஊசியால் குத்திக் குத்தி, "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டார். வலிக்கிறது என்று சொன்னேன். இல்லை என்று சொன்னால் லைசென்ஸ் போய்விடும்.

வீட்டில் நான் விருந்தாளி. என் மகள், பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன், நடக்கத் தொடங்கிய வயதில் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, லாரி மாமா வந்திருக்கார்" என்று சொன்னாள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

என் மனைவி காத்திருப்பதில் கெட்டிக்காரி. எத்தனையோ வண்டி போகிற சாலை எங்கள் சாலை. ஆனால் திருப்பத்தில் நான் கியர் மாற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். நான் இறங்கி வருவதற்குள் கதவு திறந்திருக்கும். வெந்நீர் போட்டிருப்பாள். சாப்பாடு சூடாக இருக்கும். எப்படி என்று நான் கேட்டதில்லை. நான் வராத நாட்களிலும் அவள் அதேபோல வெந்நீர் போட்டு, ஆறியபின் கொட்டினாள் என்பது அவள் போனபிறகு பாப்பா சொல்லித்தான் தெரியும்.

அவள் போனபோது நான் வாஷ்பேசின் லோடு ஏற்றிக்கொண்டு தொலைவில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்து, "தம்பி, வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டேதான் கேட்டேன். சரக்கைக் கொண்டுபோய் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். பீங்கானை வழியில் யாரிடம் ஒப்படைப்பது? வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து ஆட்களும் போயிருந்தார்கள். திருப்பத்தில் கியர் மாற்றினேன். கதவு திறந்தது. பாப்பா நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

இல்லை என்றேன். தட்டு வைத்தாள். சாப்பிட்டேன். பசித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது பாப்பாவுக்கு வெளியூரில் நர்சு படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பெட்டிகூட எடுத்து வைத்திருந்தாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. "நீ போயிட்டா வீட்டை யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டேன். கேள்விதானே. மறுநாள் பெட்டியிலிருந்த துணிகள் கொடியில் காய்ந்தன. அவளாக எடுத்த முடிவு.

அதற்குப் பிறகு வீடு பழையபடி ஆனது. திருப்பம், கியர், கதவு. அவள் அம்மாவுக்கு இருந்த காது இவளுக்கும் இருந்தது.

மாப்பிள்ளை எங்கள் கம்பெனி டிரைவர்தான். சீட்டி என்று கூப்பிடுவார்கள். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பவர். டயர் மாற்றும்போது சீட்டி, மழையில் தார்ப்பாய் கட்டும்போது சீட்டி. நல்ல பிள்ளை. குடி கிடையாது. வண்டியைத் தன் உடம்புபோல வைத்துக்கொள்வார். ஒருமுறை எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். பாப்பா கதவைத் திறந்தாள். அவர் சீட்டியை நிறுத்தினார். அவர் சீட்டி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பாப்பா வந்து சொன்னபோது நான் மறுத்தேன்.

"லாரிக்காரனுக்கு வாக்கப்படாதேம்மா. வாழ்க்கை பூரா வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்."

"இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்று தொலைவில் ஒரு அக்கா மட்டும்தான். எங்கள் வீட்டோடு இருந்துவிடட்டும் என்று நானேதான் சொன்னேன். கம்பெனியில் லோடு எழுதுகிறவர், "ஒரே வீட்ல ரெண்டு டிரைவரா? ஸ்டீயரிங் யாரு கையில?" என்று கேலி செய்வார். நான் கோபப்பட்டதில்லை.

இருவரும் வேறு வேறு வண்டி, வேறு வேறு திசை. ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். திருப்பத்தில் என் வண்டி முன்னால், அவர் வண்டி பின்னால். கதவு திறந்தது. பாப்பா என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். "அவரும் வந்துட்டாரா?" என்றாள். சாப்பிட உட்கார்ந்தபோது முதல் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அதில் தப்பு ஒன்றுமில்லை. புருஷன். அப்படித்தான் இருக்க வேண்டும். எதற்குச் சொல்கிறேன் என்றால், எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். நான் வீட்டில் இருந்தேன், மாப்பிள்ளை வரவேண்டிய நாள், வண்டி தாமதம். மழைக்குப் பாலம் ஒன்று போய்விட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். அவர் போனும் எடுக்கவில்லை. பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு காலை மடித்து மறு காலின் மேல் வைத்து நிற்பாள் அவள் அம்மா. இவளும் அப்படியே நின்றாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக் கொதித்து வற்றியது. நான் எழுந்து போய் அணைத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். பாப்பா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்காக அவள் அழுது பார்த்ததில்லை. நான் தாமதமாக வந்த நாட்கள் எத்தனையோ உண்டு.

என் பெண் இப்படி நிற்கக் கூடாது என்று அன்று நினைத்தேன். ஒருத்தியை நிற்கவைத்தே தேய்த்துவிட்டேன். இன்னொருத்தியும் தேயக் கூடாது. இது தகப்பன் நினைக்கிற நினைப்புத்தானே, ஐயா? முதலாளியிடம் சொல்லி மாப்பிள்ளைக்கு உள்ளூர் ஓட்டம் வாங்கித் தந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தந்திருக்கலாம். முதலாளி என் சொல்லைத் தட்டமாட்டார். நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு தூர ஓட்டம் வந்தது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய சரக்கு. ஒருவர் தூங்க, ஒருவர் ஓட்ட, இரண்டு டிரைவர் போட வேண்டும். மாமனும் மாப்பிள்ளையும் போகட்டும் என்று எழுதிவிட்டார்கள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து பேசிக்கொண்டுதான் வந்தோம். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் ஒழுகுகிறது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். மூக்கு நல்ல மூக்கு அவருக்கு, கொதிக்கிற வாடை உடனே தெரிந்துவிடும். "மாமா, எங்கயாவது நிறுத்துங்க. ரெண்டு முடுக்கு முடுக்கினா வீடு போய்ச் சேர்ந்துடலாம்" என்றார்.

மூடிக் கிடந்த ஒரு ஆலைக்குப் பின்னால் பெரிய காலி இடம். அதில் கொண்டுபோய், மதிலுக்கு நேர் எதிரே, முட்டுகிற மாதிரி நிறுத்தினேன்.

எங்கள் வண்டியில் இன்ஜின் கேபினுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்றால் கேபின் முழுவதையும் முன்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு கைப்பம்ப். அடிக்க அடிக்க எண்ணெய் ஏறிக் கேபின் எழும்பும். முழுவதும் சாய்ந்துவிட்டால் தன் பாரத்திலேயே நின்றுகொள்ளும். முன்னால் இடமில்லாவிட்டால் பாதிதான் சாயும். பாதியில் நிற்கிற கேபினை எண்ணெயும் முட்டுக் கம்பியும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கம்பியில் ஒரு பின் செருக வேண்டும். பின்னைச் செருகி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆள் உள்ளே தலையை விட வேண்டும். வண்டி பழகுகிற முதல் நாளே சொல்லித்தருவார்கள். மாப்பிள்ளையும் எப்போதும் தானே இழுத்துப் பார்ப்பவர். அன்று, "பின் போட்டாச்சா மாமா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன்.

என்னை நம்பினார். மாமனாரை நம்பாமல் யாரை நம்புவது?

முதல் முறை உங்கள் ஆட்கள் கேட்டபோது, மதில் நிழலுக்காக அங்கே நிறுத்தினேன் என்று சொன்னேன். எழுதியும் வைத்திருப்பீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது உச்சிப்பொழுது. மதிலுக்கு நிழலே இல்லை. அந்த நேரத்தில் ஏது நிழல் என்று ஆஸ்பத்திரியில் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

பின் என் சட்டைப் பையில் இருந்தது. மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டேன் என்று எனக்கு நானே கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். மறதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் பின் இல்லாவிட்டாலும் எண்ணெய் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். கேபின் தானாக இறங்காது. இறக்க வேண்டும் என்றால் பம்ப் பக்கத்தில் உள்ள வால்வைத் திருப்ப வேண்டும். சின்னக் குமிழ்தான். குழந்தைகூடத் திருப்பலாம்.

மாப்பிள்ளை இன்ஜின் மேல் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். சீட்டியடித்துக்கொண்டிருந்தார். நான் திருப்பினேன்.

கேபின் சட்டென்று விழாது. பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு இறங்கும். அவருக்குக் கேட்டிருக்கும். "மாமா" என்றார். கத்தவில்லை. கவனிக்கச் சொல்கிற குரல்தான்.

கொல்ல வேண்டும் என்று எனக்கு நினைப்பு இல்லை. வண்டி ஓட்ட முடியாமல் போனால் போதும். உடனே திரும்ப அடித்துக் கேபினைத் தூக்கினேன். பம்ப் அடித்ததில் என் தோள்பட்டை இன்றைக்கும் வலிக்கிறது. அவரை இழுத்துக் கீழே கிடத்தினேன். நினைவு இருந்தது. "கால் எங்க மாமா?" என்று கேட்டார். இருக்கு மாப்ள, இருக்கு என்றேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. கேபினை மறுபடி இறக்கி, அவரைத் தோளில் தூக்கி, சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் போட்டு, நானே ஓட்டிக்கொண்டு போனேன். அன்று ஓட்டியதுபோல் என் ஆயுளில் ஓட்டியதில்லை. கம்பெனியில் எங்களை உட்காரவைத்து முதலுதவிப் படம் காட்டியிருக்கிறார்கள். முதுகில் அடிபட்டவனைத் தூக்கக் கூடாது, மடக்கக் கூடாது, அசைக்கக் கூடாது என்று அதில் வரும். மற்றவர்கள் தூங்கினார்கள். நான் விழித்திருந்துதான் பார்த்தேன்.

தூக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நடந்திருப்பார் என்று டாக்டர் பிறகு சொன்னார். என்னிடம் நேராகச் சொல்ல அவருக்குச் சங்கடம். பாப்பாதான் குறுக்கே வந்து, "எங்கப்பாவுக்கு அந்தப் பதட்டத்துல என்ன டாக்டர் தெரியும்?" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார்கள். பேச்சு நன்றாக இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "மாமா மட்டும் இல்லைன்னா அங்கயே முடிஞ்சிருப்பேன்" என்று சொல்வார். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அவர் முகத்தை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. சீட்டியடிப்பதை மட்டும் விட்டுவிட்டார். உதட்டைக் குவிப்பார், காற்று வரும், நிறுத்திக்கொள்வார்.

விசாரணைக்கு வந்தவர்கள் கம்பியைப் பார்த்தார்கள், பட்டறைச் சீட்டைப் பார்த்தார்கள். பின் தேய்ந்து கழன்றிருக்கலாம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பட்டறைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, நான் போன வாரம்தானே அதைச் செக் பண்ணேன், நீங்களும் நின்னுக்கிட்டிருந்தீங்களே" என்றார். நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து கெஞ்சினார். பாப்பா அவரைத் திட்டி அனுப்பிவிட்டாள். பாப்பா யாரையும் திட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. மாப்பிள்ளை முன்னறையில் கட்டிலில். பாப்பா அவரைத் திருப்பிப் படுக்கவைப்பாள், உடம்பு துடைப்பாள், நர்சு படிக்காமலே நர்சு ஆகிவிட்டாள். ஜன்னலில் நின்று யாரையும் எதிர்பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. நான் ஓட்டம் போய்த் திரும்புவேன். திருப்பத்தில் கியர் மாற்றுவேன். கதவு திறக்கும். என்னைத் தாண்டிப் பார்க்க எனக்குப் பின்னால் எந்த வண்டியும் இல்லை. "வாங்கப்பா" என்பாள். மெலிந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. தட்டை முதலில் எனக்கு வைத்தாள்.

அப்புறம் மாப்பிள்ளையின் அக்கா வந்தார். அவர் இருக்கிற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, இப்படிப்பட்டவர்களை உட்காரவைத்துக் கைவேலை பழக்குகிறார்கள், சக்கர நாற்காலியில் தனியாகப் போய்வருகிறவரைக்கும் கொண்டுவந்துவிடுவார்கள் என்றார். கீழ்வீடு காலியாக இருக்கிறதாம். பாப்பாவின் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "நீ போயிட்டா வீட்டை யாரு பார்த்துக்குவா?"

"வீடு எங்க போயிடப் போகுது?" என்றாள். கோபமாக இல்லை. மருந்துகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள். "பூட்டிட்டுப் போங்கப்பா. எல்லாரும் அப்படித்தானே போறாங்க." எழுந்து, ஒரு சாவியை என் கையில் வைத்தாள்.

அவர்கள் போனபோது நான் ஓட்டத்தில் இருந்தேன். நேற்றுத் திரும்பினேன். வெயில் நேரம். பழக்கத்தில் திருப்பத்தில் கியர் மாற்றினேன். கதவு மூடியே இருந்தது. சாவியைப் போட்டேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை, ஐயா. என் வீடு அது. நான் வாங்கிய பூட்டு. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கதவைக் கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துக்கிட்டுத் திருப்பணும் தம்பி, பாப்பா அப்படித்தான் பண்ணும்" என்று திறந்துவிட்டுப் போனார். உள்ளே கட்டில் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. வெந்நீர் போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. போய் வண்டியிலேயே படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்து நேராக இங்கே வந்தேன்.

அதற்காகத்தான் வந்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. சொன்னேனே, பட்டறைக்காரருக்காக. ஒன்றும் அறியாத மனிதர் எனக்குப் பதிலாக உள்ளே இருப்பது சரியில்லை.

அன்று காலை வண்டியில் என்ன பேசிக்கொண்டு வந்தோம் என்று இப்போது கேட்கிறீர்கள். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்தே இதை எப்போது கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. மாப்பிள்ளை, "மாமா, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். அவர் லாரியை விடுவதாக இருந்தார். அக்கா ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலை பேசி முடித்துவிட்டாராம். காலையில் போனால் மாலையில் வீடு. "பாலம் போன அன்னைக்கு அவ அழுதா பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே அவளை ஜன்னல்ல நிக்கவைக்க மாட்டேன் மாமா" என்றார். அடுத்த மாதமே குடி போகிறார்களாம். பாப்பா வருவதாகச் சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லத்தான் அவளுக்குத் தயக்கமாம், அதனால் இவரே சொல்கிறாராம். நல்லது மாப்ள, நல்ல காரியம் என்றேன். "நீங்க அப்பப்ப வந்துட்டுப் போங்க" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் சீட்டியடித்தார். அதற்குப் பிறகுதான் கொதிக்கிற வாடை வந்தது.

ஆமாம். வால்வைத் திருப்பும்போது அது எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாப்பாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், போனில் அவளிடம் இதையெல்லாம் பேச எனக்கு வராது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்களை வீட்டு ஆட்கள் வந்து பார்க்க நாள் ஒதுக்கியிருப்பீர்களே, அது எந்த நாள்? அதையும் அவளிடம் சேர்த்துச் சொல்லிவிட்டால் நல்லது. ஏன் இப்படிப் பண்ணீங்க என்று கேட்பதற்காவது ஒருநாள் வருவாள். தூரம்தான், ஆனால் வருவாள், என் பெண்ணை எனக்குத் தெரியாதா.